இலையைப் பார்த்துப் பரிமாறுங்கள்!

(பட்டிமன்றத் தலைப்பு: நல்ல அறிவியல் ஆசிரியரை உருவாக்குவது பெரிதும் பாட அறிவே! மாணவர் மனம் அறிதலே! இதில் ‘மாணவர் மனம் அறிதலே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! வாதங்களை மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து இறக்கிவிட்டு, இப்போது தண்ணீர் குடித்துக் களைப்பாறிக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கிலே கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே சாப்பாட்டுத் தட்டை மடியிலே வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேயர்களே!

எதிரணியிலே பேசின அம்மையார் ஆரம்பத்திலேயே என்னை ஒரு பிடி பிடிச்சாங்க. “இவர் தமிழ்ப் பேராசிரியர். அறிவியல் ஆசிரியரைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி?” அப்படின்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிஞ்ச விஞ்ஞானக் கருவி ஒண்ணே ஒண்ணு. இதோ, இந்த மைக். அதுவும் வேலை செய்யலைன்னா என்ன செய்யணும்னு தெரியாது; தட்டிப் பார்க்கத்தான் தெரியும். (சிரிப்பு)

ஆனா ஐயா, ஒரு தகுதி எனக்கு உண்டு. எங்க வீட்டிலே ஒரு அறிவியல் ஆசிரியை உருவானதை நான் கூடவே இருந்து பார்த்திருக்கேன். என் மகள். இயற்பியலிலே எம்.எஸ்ஸி. முடிச்சிட்டு பி.எட். சேர்ந்தாள். 2015-இல் அந்தப் படிப்பை ஒரு வருஷத்திலிருந்து ரெண்டு வருஷமா ஆக்கினாங்க இல்லையா, அதுக்குப் பிறகு சேர்ந்தவள். ரெண்டு வருஷம் எங்க வீடு வீடா இல்லை. படிச்சது அவள், சார்ட்டு வெட்டி ஒட்டினது நான், ரெக்கார்டு நோட்டிலே கோடு போட்டது என் மனைவி. நியாயமாப் பார்த்தா அந்தப் பட்டத்தை மூணா வெட்டி மூணு பேருக்கும் கொடுக்கணும்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே! எதிரணித் தலைவர் ஒரு பழமொழி சொல்லிக் கைதட்டல் வாங்கிட்டுப் போனார். ‘சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.’ ஆசிரியர் மண்டையிலே சரக்கு இருந்தாத்தான் மாணவனுக்குக் கிடைக்கும்னு சொன்னார். நல்ல பழமொழிதான். மறுக்கலை. ஆனா நான் கேட்கிறேன்: சட்டியில் இருந்தாச்சு, அகப்பையிலும் வந்தாச்சு. ஐயா, எங்கே ஊத்தப் போறீங்க? எதிரே இலை ஒண்ணு போட்டிருக்கே, அதைக் கொஞ்சம் குனிஞ்சு பார்க்க வேண்டாமா?

பந்தியிலே பார்த்திருப்பீங்க. அந்த இலையிலே ஏற்கெனவே ரசம் சாதம் இருக்கும். ஒருத்தர் எதையும் பார்க்காம விறுவிறுன்னு வந்து அது மேலேயே பாயசத்தை ஊத்திட்டுப் போயிடுவார். பாயசம் அருமையான பாயசம். முந்திரி இருக்கு, திராட்சை இருக்கு. ஆனா இலையிலே என்ன ஆச்சு? ரசமும் போச்சு, பாயசமும் போச்சு. நம்ம அறிவியல் வகுப்பிலே தினம் தினம் நடக்கிறது இதுதான்! (கைதட்டல்)

வகுப்பிலே உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் மனசு வெத்து இலை இல்லீங்க. வெயிலைப் பற்றி, மழையைப் பற்றி, மரத்தைப் பற்றி, நிலாவைப் பற்றி அது ஏற்கெனவே ஏதோ ஒண்ணை நினைச்சு வச்சிருக்கு. டேவிட் ஆசுபெல் என்கிற அமெரிக்க உளவியல் அறிஞர் 1968-இல் எழுதின புத்தகத்திலே இதைத்தான் அடித்துச் சொன்னார். ஒருவன் புதிதாக என்ன கற்றுக்கொள்வான் என்பதை முடிவு செய்வதிலே, அவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதற்குத்தான் முதல் இடம் என்றார். நான் சொன்னா பந்தி விசாரணை; அவர் சொன்னா உளவியல்! (சிரிப்பு)

சரி, ஆசிரியராக வரப்போகிற நம்ம இளைஞர்கள், கற்பித்தல் என்றால் என்ன என்று நினைச்சுக்கிட்டிருக்காங்க? ஒருமுறை ஒரு கல்வியியல் கல்லூரிக்கு என்னைத் தமிழ் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. முன்னாலே உட்கார்ந்திருந்தவங்கள்லே பெரும்பாலோர் அறிவியல் படிச்ச பயிற்சி ஆசிரியர்கள். எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தேன். “கற்பித்தல் என்பது எதைப் போன்றது? ஒரே ஓர் உவமை எழுதுங்க” என்றேன்.

சீட்டுகளைப் பிரிச்சுப் படிச்சேன். ஒருத்தர் எழுதியிருந்தார்: குடத்திலே தண்ணீர் நிரப்புவது போல. இன்னொருத்தர்: கல்லைச் செதுக்கிச் சிலை ஆக்குவது போல. ஒரு பிள்ளை எழுதியிருந்தது: களிமண்ணைப் பிடித்துப் பானை செய்வது போல. இன்னொன்று: தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டுவது போல. எல்லாம் அழகான உவமைதான். தமிழ் வாத்தியார் என்ற முறையிலே மார்க் போட்டுடுவேன். ஆனா ஒண்ணைக் கவனிச்சீங்களா? குடம் வாய் திறந்து பேசுமா? கல்லு கேள்வி கேட்குமா? களிமண்ணுக்குச் சொந்தமா ஒரு கருத்து உண்டா? எல்லாத்திலேயும் வேலை செய்கிறவர் ஆசிரியர். பிள்ளை சும்மா இருக்கு. சும்மா இருந்தாப் போதும்!

இப்ப நன்னூலுக்கு வாங்க. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் செய்த இலக்கணம். அவர் ஆசிரியருக்கும் உவமை சொன்னார், மாணவருக்கும் உவமை சொன்னார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர். ஆசிரியர் ஆகத் தகாதவருக்கும் நாலு உவமை வச்சிருக்கார். அதிலே ஒண்ணு கழற்குடம். கழற்சிக்காய் போட்ட குடம். போட்ட வரிசையிலே வெளியே வராது. கவிழ்த்தா எது எது கைக்கு வருதோ அது அது விழும். எதிரணி நண்பர்களே, அந்தக் குடத்திலே சரக்கு இல்லைன்னு பவணந்தியார் சொல்லலை. சரக்கு நிறைய இருக்கு! கொடுக்கத் தெரியலை என்கிறார்! (கைதட்டல்)

அதோட விட்டாரா? பாடம் சொல்வதற்கே ஓர் இலக்கணம் எழுதினார். கேட்கிறவன் எந்த வகையிலே ஏற்றுக்கொள்வான் என்று தெரிந்து, அவன் உள்ளம் ஏற்கிற மாதிரி கொடுக்கணும் என்பது அதிலே ஒரு பகுதி. பி.எட். கல்லூரி வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னாலே, எங்க அணிக்காகப் பேசிட்டுப் போன முதல் பேச்சாளர் அவர்தான்!

அப்படியிருக்க, இந்த இளைஞர்களுக்குக் குடமும் களிமண்ணும் எங்கேயிருந்து வந்தது? டான் லார்ட்டி என்கிற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1975-இல் பள்ளி ஆசிரியரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் ஒரு நுட்பமான விஷயத்தைக் கண்டு சொன்னார். டாக்டராகப் போகிறவன் சின்ன வயசிலே ஆபரேஷனைப் பக்கத்திலே நின்னு பார்த்ததில்லை. வக்கீலாகப் போகிறவன் தினமும் கோர்ட்டிலே உட்கார்ந்ததில்லை. ஆனா ஆசிரியராகப் போகிறவன் மட்டும், தன் தொழிலை அஞ்சு வயசிலிருந்து தினம் தினம் பார்த்துக்கிட்டே வளர்கிறான். பள்ளிக்கூடத்திலே பன்னிரண்டு வருஷம் பார்த்தது உள்ளே ஊறிப் போச்சு. பி.எட். ரெண்டே வருஷம். எது ஜெயிக்கும்?

அதிலேயும் அவன் பார்த்தது எங்கேயிருந்து? பெஞ்சிலேயிருந்து! இதோ, நீங்க எல்லாம் கீழே உட்கார்ந்து எங்க பேச்சைக் கேட்கிறீங்க. ‘மேடை ஏறினா நானும் இப்படித்தான் பொளந்து கட்டுவேன்’னு உங்கள்லே பாதிப் பேருக்குத் தோணும். ஆனா நேத்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் நான் தூங்காம உருண்டது உங்களுக்குத் தெரியுமா? என் மனைவிக்குத் தெரியும். (சிரிப்பு) அதே போலத்தான். பாடம் நடத்தினதைப் பிள்ளை பார்த்தது. அதுக்கு முன்னாலே அந்த ஆசிரியர் என்ன யோசிச்சார், ஏன் இந்தக் கேள்வியை இந்தப் பையனிடம் கேட்டார் என்பதைப் பார்க்கலை. அதனாலே கற்பித்தல் என்றால் எடுத்துச் சொல்வது, கற்றல் என்றால் திருப்பிச் சொல்வது என்று மனசிலே பதிஞ்சு போச்சு.

என் மகளின் பாடக்குறிப்பு நோட்டை ஒரு நாள் பார்த்தேன். பக்கத்தை ரெண்டாப் பிரிச்சிருந்தாள். இந்தப் பக்கம் ஆசிரியர் செயல், அந்தப் பக்கம் மாணவர் செயல். ஆசிரியர் பக்கம் நிறைஞ்சு வழியுது. மாணவர் பக்கத்திலே? ‘கவனிப்பர்.’ ‘கவனிப்பர்.’ ‘குறிப்பெடுப்பர்.’ கடைசியிலே, ‘புரிந்துகொண்டனர்.’ நான் கேட்டேன், “ஏம்மா, வகுப்பு நாளைக்குத்தானே? பிள்ளைங்க புரிஞ்சுக்கிட்டதை இன்னைக்கு ராத்திரியே எழுதிட்டியே?” அவள் சொன்னாள், “அப்பா, அப்படித்தான் எழுதணும். கோட்டை அடிங்க.” (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனா மறுநாள் நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை.

ஏழாம் வகுப்பு. வெப்பம் கடத்தும் பொருள், கடத்தாப் பொருள். பின்னாலே மேற்பார்வையாளர் நோட்டோட உட்கார்ந்திருக்கார். இவள் கேட்டாள், “குளிர்காலத்துல ஏன் கம்பளி போத்திக்கிறோம்?” பிள்ளைங்க எல்லாம் கோரஸா, “சூடு குடுக்கும் டீச்சர்!” இவள் “வெரி குட்” சொல்லிட்டு, ‘கம்பளி ஒரு வெப்பம் கடத்தாப் பொருள்’னு போர்டிலே எழுதினாள். பாடம் முறையாப் போய்க்கிட்டிருக்கு.

மூணாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். மீன் விக்கிறவர் மகன். “டீச்சர், எங்க அப்பா ஐஸ் மேல சாக்கைப் போட்டு மூடுவாரு. கம்பளி சூடு குடுக்கும்னா சாக்கும் சூடு குடுக்கணும்ல? அப்ப ஐஸ் சீக்கிரம் உருகணுமே டீச்சர்? உருக மாட்டேங்குதே?”

எப்பேர்ப்பட்ட கேள்வி! ஆனா என் மகளுக்கு நோட்டிலே அந்தக் கேள்வி இல்லை. மாணவர் பக்கத்திலே ‘கவனிப்பர்’னுதான் இருக்கு. மணி ஆகுது, மேற்பார்வையாளர் பார்க்கிறார். இவள் சொன்னாள், “இன்னைக்கு ஐஸ் பாடம் இல்லை. உட்காரு.” உட்கார்ந்துட்டான். வகுப்பு முடிஞ்சது. மேற்பார்வையாளர் எழுதினார்: ‘வகுப்புக் கட்டுப்பாடு நன்று.’

நடுவர் அவர்களே! என் மகள் இயற்பியலிலே முதல் வகுப்பு. வெப்பத்துக்குச் சமன்பாடு கேட்டா தூக்கத்திலே சொல்லுவாள். சட்டியிலே குறை இல்லை. குறை எங்கே? அந்தக் கோரஸ் பதிலிலே ‘கடத்தாது’ங்கிற சொல்லே இல்லை, ‘சூடு குடுக்கும்’னுதான் இருந்தது. அது அவள் காதிலே விழவே இல்லை. ஒரே ஒரு பையன் அந்த முரண்பாட்டைக் கண்டுபிடிச்சான். அவனை உட்கார வச்சாச்சு.

அன்னைக்கு ராத்திரி வீட்டிலே இதைச் சலிப்பாத்தான் சொன்னாள். “நடுவுல ஒருத்தன் எழுந்து ஐஸு கீஸுன்னு குழப்பிட்டாம்ப்பா.” எனக்கு ஆர்வம் வந்துடுச்சு. “செஞ்சு பார்த்தா என்ன?” என்றேன். ஃபிரிட்ஜிலிருந்து ரெண்டு ஐஸ் கட்டி. ஒண்ணை எவர்சில்வர் தட்டிலே வச்சோம். இன்னொண்ணைச் சுத்தறதுக்கு வீட்டிலே கம்பளி இல்லை. “ஏங்க, கம்பளி இல்லாட்டி என்ன? பீரோ நிறைய உங்க பொன்னாடைதான் இருக்கே” என்றாள் என் மனைவி. ஐயா, முப்பது வருஷமா மேடை மேடையா வாங்கின பொன்னாடைக்கு அன்னைக்குத்தான் ஒரு பயன் கிடைச்சது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) நாலா மடிச்சு ஐஸுக்குப் போர்த்தினோம். சிறப்பு விருந்தினர் ஐஸ் கட்டி!

நான் பந்தயம் கட்டினேன். “பொன்னாடைக்குள்ளே இருக்கிறதுதான் முதல்லே உருகும். எனக்குப் போர்த்தினாலே எப்படி வேர்க்குது!” முக்கால் மணி நேரம் கழிச்சுப் பார்க்கிறோம். தட்டிலே தண்ணிதான் நிக்குது. பொன்னாடையைப் பிரிச்சா, உள்ளே பெரிய துண்டு ஐஸ் அப்படியே இருக்கு.

மகள் விளக்கினாள். “பொன்னாடை சூடு குடுக்கலைப்பா. வழியை அடைக்குது. உங்க உடம்புல சூடு இருக்கு, அது வெளிய போக விடாது. அதனால வேர்க்குது. ஐஸுக்கு வெளியதான் சூடு இருக்கு, அது உள்ள வர விடாது. அதனால உருகலை.” சொல்லிக்கிட்டே வந்தவள் பாதியிலே நிறுத்திட்டாள். “அந்தப் பையன் இதைத்தானேப்பா கேட்டான்” என்றாள். அதுக்கு மேலே பேசலை. அவளுக்கு வாயிலே சோறு இறங்கலை.

மறுநாள் பிளாஸ்க்கிலே ஐஸ் எடுத்துக்கிட்டுப் போனாள். வகுப்பிலே அந்தப் பையனை எழுப்பி, “நேத்து ஒண்ணு கேட்டியே, அதை எல்லாருக்கும் சொல்லு” என்றாள். அவன் எழுந்து நின்னு என்ன சொன்னான் தெரியுமா? “ஒண்ணும் இல்லை டீச்சர்.”

ஒண்ணும் இல்லை! முந்தின நாள் வகுப்பிலே அவன் வெப்பம் கடத்துவதைப் படிச்சானோ இல்லையோ, ஒரு பாடத்தை நல்லாப் படிச்சிட்டான். பள்ளிக்கூடத்திலே கேள்வி கேட்கக் கூடாது என்கிற பாடம். அதை ஒரே வாக்கியத்திலே நடத்தி முடிச்சது என் பெண்.

எதிரணி நண்பர்களே! இந்த வலி எனக்குப் புதுசு இல்லை. நான் தமிழ் படிச்சதுக்குத் தமிழ் மேலே இருந்த காதல் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை இன்னைக்குத்தான் மேடையிலே சொல்கிறேன். எட்டாவது படிக்கிறப்போ எனக்கு அறிவியல்னா உயிர். எங்க வீட்டு வேப்ப மரத்தைப் பார்த்து ஒரு சந்தேகம். வகுப்பிலே எழுந்து கேட்டேன், “சார், மரம் மண்ணைத் தின்னுதான் இவ்வளவு பெரிசாகுதுன்னா, அடியிலே பள்ளம் விழணுமே சார்? ஏன் விழலை?” வகுப்பே சிரிச்சது. ஆசிரியருக்குத் தான் கேலி செய்யப்பட்டதாத் தோணிடுச்சு. அந்தப் பீரியடு முழுக்க பெஞ்சு மேலே நின்னேன். அதுக்குப் பிறகு அறிவியல் வகுப்பிலே நான் வாயைத் திறக்கவே இல்லை.

ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு செய்தி படிச்சேன். பதினேழாம் நூற்றாண்டிலே வான் ஹெல்மான்ட் என்று ஒருத்தர், இன்றைய பெல்ஜியம் நாட்டுக்காரர். அவருக்கும் இதே சந்தேகம்! ஒரு தொட்டியிலே காய்ந்த மண்ணை 200 பவுண்டு எடை போட்டு நிரப்பினார். 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊத்தினார். பிறகு மரத்தை எடை போட்டார். 169 பவுண்டுக்குச் சற்று மேலே! மண்ணைக் காய வச்சு எடை போட்டார். குறைஞ்சது சுமார் 2 அவுன்ஸ்தான். மரம் மண்ணைத் தின்னு வளரலை! அவர் இறந்த பிறகு 1648-இல் வெளியான புத்தகத்திலே இது இருக்கு. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அது முழுச் சரி இல்லை. காற்றிலே இருக்கிற கரியமில வாயுவுக்கு அதிலே பெரும்பங்கு என்று பின்னாலே வந்தவர்கள் கண்டுபிடிச்சாங்க. ஆனா கேள்வி? அதே கேள்வி! அவர் கேட்டா ஆராய்ச்சி. நான் கேட்டா பெஞ்சு மேலே ஏறு! (நீண்ட கைதட்டல்)

‘பாட அறிவு இருந்தால் இதெல்லாம் தானே வந்துவிடும்’ என்று எதிரணியிலே சொன்னாங்க. 1987-இல் அமெரிக்காவிலே ஒரு ஆவணப்படம் எடுத்தாங்க. பெயர் ‘ஒரு தனிப் பிரபஞ்சம்’ என்று தமிழிலே சொல்லலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலே பட்டமளிப்பு விழா நாளிலே, மாணவர், பழைய மாணவர், பேராசிரியர்னு 23 பேரைப் பிடிச்சுக் கேள்வி கேட்டாங்க. கோடைக்காலம் ஏன் வருகிறது, நிலா ஏன் தேய்கிறது என்கிற மாதிரி சாதாரணக் கேள்விதான். 21 பேர் தப்பாச் சொன்னாங்க. கோடையிலே பூமி சூரியனுக்குப் பக்கத்திலே போகுதுன்னு சொன்னாங்க. நம்ம ஊர்க் கணக்கிலே பாருங்க: பூமி சூரியனுக்கு மிக அருகிலே வருவது ஜனவரி தொடக்கத்திலே, நல்ல மார்கழிக் குளிரிலே! காரணம் தூரம் இல்லை, பூமியின் அச்சு சுமார் 23.5 டிகிரி சாய்ஞ்சிருப்பது. இது அவங்க புத்தகத்திலே இல்லையா? இருந்தது. பரீட்சையிலே எழுதலையா? எழுதியிருப்பாங்க. ஆனா ‘அடுப்புக்குப் பக்கத்திலே போனா சுடும்’ங்கிற சின்ன வயசு அனுபவம் அடியிலே அப்படியே உட்கார்ந்திருக்கு. யாரும் அதை வெளியே எடுத்துப் பேசலை. ரசத்து மேலே பாயசம்!

நடுவர் அவர்களே! நான் ஒருதலையாப் பேச விரும்பலை. பாட அறிவு வேண்டாம்னு எங்க அணி சொல்லலை. அந்த மீன்காரர் மகன் கேட்ட கேள்வியின் அருமை தெரியறதுக்கே பாட அறிவு வேணும். பிள்ளை சொல்றதைக் கேட்கணும்னா, சொல்றதுக்கெல்லாம் தலையாட்டணும்னும் அர்த்தம் இல்லை. தப்பு தப்புதான். ஆனா எந்த வழியா வந்து அந்தத் தப்பிலே நிக்கிறான்னு தெரிஞ்சாத்தானே திருப்பி அழைச்சுக்கிட்டு வரமுடியும்? லீ ஷுல்மன் என்கிற கல்வியாளர் 1986-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். பாடத்தை அறிவது ஒன்று; அந்தப் பாடத்திலே பிள்ளை எங்கே தடுமாறும், எந்த உதாரணத்தைச் சொன்னா எழுந்து நிற்கும் என்று அறிவது இன்னொன்று. இதுதான் ஆசிரியருக்கே உரிய அறிவு என்றார். முதல் அறிவு விஞ்ஞானிக்கும் உண்டு. ரெண்டாவது அறிவு இருந்தாத்தான் அவர் ஆசிரியர்.

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்தார். கேள்விக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். அங்கே கேள்வி என்றால் காதால் கேட்டு அறிவது. தமிழிலே வினவுவதற்கும் கேள்வி, செவிகொடுப்பதற்கும் கேள்வி. ரெண்டுக்கும் ஒரே சொல். பிள்ளை கேட்கணும், அது கேட்பதை ஆசிரியர் கேட்கணும்.

அந்தப் பையன் கதையை முடிச்சுடறேன். அவன் ஒரு வாரம் பேசலை. என் மகள் தினமும் ஏதாவது ஒண்ணைச் செஞ்சு காட்டி, “நீங்க என்ன நினைக்கிறீங்க?”ன்னு பொதுவாக் கேட்டுக்கிட்டே இருந்தாள். அவன் பக்கம் வற்புறுத்திப் போகலை. அடுத்த வாரம் மணி அடிச்சு எல்லாரும் போன பிறகு, வராந்தாவிலே வந்து நின்னான். “டீச்சர், சாக்குக்குப் பதிலா மரத்தூள் போட்டா ஐஸ் இன்னும் நேரம் தாங்குது. ஏன் டீச்சர்?” இவளுக்கு விடை தெரியும், தூளுக்கு இடையிலே காத்து அடைஞ்சு நிக்குதுன்னு. வாய் வரைக்கும் வந்த விடையை முழுங்கிட்டுக் கேட்டாளாம், “நீ என்னப்பா நினைக்கிறே?”

அன்னைக்கு ராத்திரி மறுபடியும் நோட்டிலே கோடு போடச் சொன்னாள். ரெண்டு பத்தி இல்லை, மூணு பத்தி. மூணாவதுக்குத் தலைப்பு அவளே எழுதினாள்: ‘பிள்ளைகள் இதைப் பற்றி ஏற்கெனவே நினைத்திருப்பது.’ அதைக் காலியா விட்டாள். “நிரப்பலையாம்மா?” என்றேன். “நாளைக்கு அவங்க சொல்லுவாங்கப்பா, அப்புறம் எழுதிக்கிறேன்” என்றாள்.

ஐயா, என் மகள் ஆசிரியை ஆனது பட்டம் வாங்கின அன்னைக்கு இல்லை. அந்தப் பத்தியைக் காலியா விட்ட அன்னைக்குத்தான். ஆகவே, நல்ல அறிவியல் ஆசிரியரை உருவாக்குவது பெரிதும் மாணவர் மனம் அறிதலே என்று நடுவர் அவர்கள் நல்லதொரு தீர்ப்பை வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். பொன்னாடை போர்த்துவதா இருந்தா மறக்காமப் போர்த்துங்க. வீட்டிலே சோதனைக்கு வேணும்!

(நீண்ட கைதட்டல்)